கரம் நழுவிய உயிரணுக்கள்



தென் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் முன் இருக்கிறது. வயது 52. இடது மார்பில் உருண்டையான கட்டி என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லையாம்; ஒரு பக்கம் மட்டும் சதை தடித்து, கையால் தடவினால் பாய் மடிப்பைப் போலத் தட்டுப்பட்டதாம். ஊசி வழியே சதை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அறிக்கை வந்த அன்று கல்லூரியில் படிக்கும் இளைய மகன் அதை வாசித்தான். "ஈ-கேட்ஹெரின் நெகடிவ், ஹெர்-2 நெகடிவ், ஈ.ஆர். மட்டும் பாசிடிவ். மூன்றில் இரண்டு நெகடிவ், உம்மா" என்று சொல்லியிருக்கிறான். வீட்டார் ஷுக்ரு செய்து, நெய்ச்சோறு ஆக்கி ஏழைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு பாசிடிவை நினைத்து மட்டும் அச்சகோதரி இரவில் அழுதிருக்கிறார். மருத்துவரிடம் மீண்டும் செல்ல 24 நாட்கள் தாமதமாயிற்று. "நாங்கள் மகிழ்ந்தது சரிதானா?" என்பது அவர் கேள்வி.

அன்று மாலைத் தபாலிலேயே, தாமதியாமல் மருத்துவரைப் பார்க்கும்படி அவருக்கு எழுதிவிட்டேன். அவருடைய இசைவைப் பெற்றே இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே மயக்கம் இன்னும் எத்தனை வீடுகளில் இருக்குமோ! மருத்துவம் பயின்றவள் அல்லள் நான். கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் ஓதிக் கொடுப்பவள். ஆயினும் இவ்விஷயத்தைத் தேடிப் படித்தும், அறிந்தவர்களிடம் கேட்டும் தெளிந்த பிறகே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். பாசிடிவ், நெகடிவ் என்பவை இத்தகைய அறிக்கையில் நல்லது, கெட்டது என்ற பொருளில் வருவதில்லை. வகுப்பறை வருகைப் பதிவேட்டைப் போல "இருக்கிறது", "இல்லை" என்று மட்டுமே அவை சொல்கின்றன. ஒருவர் வரவில்லை என்பது நற்செய்தியா துர்ச்செய்தியா என்பது வராதவர் யார் என்பதைப் பொறுத்தது. திருடன் வரவில்லை என்றால் நிம்மதி. காவல்காரன் வரவில்லை என்றால் கவலை. ஈ-கேட்ஹெரின் காவல்காரன் வகையைச் சேர்ந்தது. ஈ.ஆர். என்பதோ ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை ஏற்கும் புரதம். அது பாசிடிவ் என்றால், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் அந்த நோயில் வேலை செய்யும் வாய்ப்பு உண்டு என்று பொருள். ஆக, அந்த வீட்டில் மகிழ்ந்த இடத்தில் கவலையும், அழுத இடத்தில் ஆறுதலும் இருந்திருக்கின்றன. அறிக்கையின் மேல்வரியிலேயே நோயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்த நீண்ட பெயர் விளங்காததால் அனைவரும் கீழே இறங்கி நெகடிவ்களை எண்ணியிருக்கிறார்கள்.

இனி ஈ-கேட்ஹெரின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் தோலிலும், குடலின் உட்புறத்திலும், பால் சுரப்பிகளின் உட்சுவரிலும் உயிரணுக்கள் ஜமாஅத் தொழுகையின் ஸஃப்பைப் போலத் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. அப்படி நிற்க ஒன்றையொன்று பற்றும் கரம் வேண்டும். உயிரணுவின் மேற்புறத்திலிருந்து நீண்டு, அடுத்த உயிரணுவிலிருந்து நீளும் தன்னைப் போன்ற கரத்தையே பற்றிக்கொள்ளும் புரதந்தான் ஈ-கேட்ஹெரின். அந்தப் பிடி நிலைக்கச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வேண்டும். கால்சியத்தையும் ஒட்டுதலையும் குறிக்கும் சொற்களை இணைத்தே 1984-இல் கேட்ஹெரின் என்று பெயரிட்டார்கள்.

இதைக் கண்டறிந்த விதம் சுவையானது. ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த மசதோஷி தகெய்ச்சி என்னும் அறிஞர் 1970-களின் இடையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு ஆய்வு செய்யச் சென்றார். ஊரில் செய்ததைப் போலவே அங்கும் உயிரணுக்களை ஒரு செரிமானப் பொருளால் தனித்தனியே பிரித்தார். கியோட்டோவில் பிரித்தவை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பால்டிமோரிலோ அவை ஒட்ட மறுத்தன. காரணத்தைத் தேடிய போது, அங்குள்ளவர்கள் பயன்படுத்திய கரைசலில் கால்சியத்தை நீக்கும் ஒரு பொருள் கலந்திருப்பது தெரிந்தது. கால்சியம் இருந்தால் ஒட்டும் புரதம் செரிமானப் பொருளுக்குத் தப்பித்துக்கொள்கிறது; கால்சியம் நீங்கினால் அது செரிக்கப்பட்டுவிடுகிறது. இந்தச் சிறு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு அவர் 1977-இல் தம் ஆய்வை வெளியிட்டார். அதே ஆண்டு பாரிஸில் ரால்ஃப் கெம்லரும் அவருடைய தோழர்களும், எலியின் இளங்கருவில் உயிரணுக்கள் நெருங்கி இறுகுவதை ஒருவகை எதிர்ப்புரதம் தடுத்துவிடுவதைக் கண்டார்கள். அந்த வழியிலும் தேடிச் சென்று அடைந்தது இதே புரதத்தைத்தான். 2020-இல் கனடாவின் கேர்ட்னர் விருது இவ்விருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

கருவின் தொடக்கம் என்றதும் மதரஸா மாணவிகளுக்கு "அலக்" என்ற சொல் நினைவுக்கு வரும். தொற்றிக்கொண்டிருப்பது என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒன்று தெரிந்தவுடன் அதைத் திருமறை வசனத்தோடு முடிச்சுப் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. ஆய்வு நாளை திருத்தப்படலாம், வசனம் திருத்தப்படுவதில்லை. நினைவுக்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவே.

மார்பகப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகையில் இந்தப் பிடி பெரும்பாலும் இருந்துகொண்டே இருக்கிறது. உயிரணுக்கள் கெட்டுப் பெருகினாலும் ஒன்றையொன்று பற்றியவாறு கூட்டமாகப் பெருகும். ஆகவே கையில் உருண்டையாகத் தட்டுப்படும். நூற்றில் 10 முதல் 15 பேருக்கு வருவது வேறு வகை. பால் சுரக்கும் நுண்மடல்களின் பெயரால் அதை லோபுலர் வகை என்கிறார்கள். பரவாமல் இருந்த இடத்திலேயே கிடக்கும் அதன் தொடக்க நிலையை 1941-இல் நியூயார்க்கில் ஃபுட், ஸ்டூவர்ட் என்னும் இருவர் விவரித்தார்கள். அந்த உயிரணுக்கள் ஏன் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன என்பது அப்போது தெரியாது. 1995-இல் பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகர ஆய்வாளர்கள் விடையைக் கண்டார்கள்: ஈ-கேட்ஹெரினை உண்டாக்கும் சி.டி.எச்.-1 என்னும் மரபணு இக்கட்டிகளில் பழுதடைந்திருந்தது. கரம் இல்லை, ஆகவே பிடிப்பும் இல்லை.

பிடி இழந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, நூலில் கோத்த தஸ்பீஹ் மணிகளைப் போல ஒற்றை வரிசையில் சதைக்குள் ஊர்ந்து செல்கின்றன. சுற்றியுள்ள சதையை அவை அதிகம் கலைப்பதில்லை. அதனால்தான் உருண்டைக்குப் பதிலாகத் தடிப்பு மட்டும் தெரிகிறது; மேமோகிராம் படத்திலும் இவ்வகை மற்றதைவிட அதிகமாகத் தப்பிவிடுகிறது. சகோதரிகளே, இதை மனத்தில் கொள்ளுங்கள். "கட்டி இல்லை, தடிப்புத்தானே" என்று எவரும் ஆறுதல் சொன்னால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். ஒரு மார்பு மட்டும் தடித்தாலோ, சுருங்கினாலோ, காம்பு உள்ளிழுக்கப்பட்டாலோ, படம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் மருத்துவர் கையால் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். பெண் மருத்துவர் கிடைக்காத ஊரில் தேவையை முன்னிட்டு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை நம் மார்க்கச் சட்டம் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெட்கத்தின் பெயரால் மாதங்கள் கழிவதைக் கண்டிருக்கிறேன்.

நோய்தான் தெரிந்துவிட்டதே, எந்த வகையாக இருந்தால் என்ன என்று கேட்கக்கூடும். வகை தெரிந்தால் மருத்துவர் செய்வது மாறுகிறது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. படம் தேவைப்படலாம். நோய் எங்கே முடிகிறது என்பது அறுவை செய்பவரின் விரலுக்குத் தெளிவாகத் தெரியாததால், விளிம்பில் மிச்சமிருந்து மறு அறுவை செய்ய நேர்வது இவ்வகையில் சற்று அதிகம். லோபுலர் வகையில் பெரும்பாலானவை ஈ.ஆர். பாசிடிவ் ஆதலால் ஹார்மோன் தடுப்பு மாத்திரையே நீண்டகாலத் துணை. ஐந்தாண்டுகள், சிலருக்குப் பத்தாண்டுகள்கூட அதை உண்ண வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடிய நோய் இது. திரும்பினால், மற்ற வகைகள் அதிகம் செல்லாத வயிற்றுச் சவ்வு, குடல், இரைப்பை, சூலகம் ஆகிய இடங்களுக்கும் செல்லும். எட்டாண்டுகளுக்குப் பிறகு வயிறு உப்பி, பசி குறைந்தால், அதை வாயுக் கோளாறு என்று வீட்டு மருந்தோடு விட்டுவிடாமல், பழைய நோயைச் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சோதனை நடைபெறும் முறையையும் சிறிது அறிந்திருப்பது நல்லது. எடுத்த சதையை ஃபார்மலின் கரைசலில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மயிரிழையை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். ஈ-கேட்ஹெரினை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை அதன்மேல் இடுகிறார்கள். பிறகு இடும் சாயம், அது ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் காட்டுகிறது. எதிர்ப்புரதத்தோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து உடற்பொருளைத் தேடும் முறையை ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் அமெரிக்காவில் உலகறியச் செய்ததும் அதே 1941-இல்தான். பிடி உள்ள உயிரணுக்களின் ஓரம் கோலம் போட்டதுபோல் பழுப்பாகத் தெரியும். பிடி இல்லாதவை நீல நிறமாகவே நிற்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதே தகட்டில் நோயில்லாத பால் நாளம் ஒன்றாவது இருக்க வேண்டும். அது பழுப்பாகியிருக்க வேண்டும். அதுவும் பழுப்பாகவில்லையென்றால் சோதனையே பழுதாகியிருக்கலாம். சில சிறு மருத்துவமனைகளில் எடுத்த சதையை ஒரு குப்பியிலிட்டு, உறவினர் கையில் கொடுத்து, "நகரத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். குப்பியில் இருப்பது ஃபார்மலினா, வெறும் உப்புநீரா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உப்புநீரில் அரை நாள் கிடந்து கெட்ட சதையில் எந்தச் சாயமும் உண்மை பேசாது. ஃபார்மலினிலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் மூன்று நாட்களுக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்பது பெரிய ஆய்வுக்கூடங்களின் விதி.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் சாயம் தனியே தீர்ப்பளிப்பதில்லை. லோபுலர் வகையிலேயே நூற்றில் 10 முதல் 15 வரை ஈ-கேட்ஹெரின் தெரியத்தான் செய்கிறது. கரம் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை! அப்போது பெத்தாலஜி நிபுணர் பி-120 கேட்டனின் என்ற துணைப் புரதத்தைத் தேடுவார். பிடி சரியாக இருந்தால் அது உயிரணுவின் ஓரத்தில் நிற்கும். பிடி அறுந்தால் உள்ளே சிதறிக் கிடக்கும். இதற்கு மாறாக, டியூபுலோலோபுலர் என்று 1977-இல் பெயர் பெற்ற அரிய வகை ஒன்று உண்டு. சிறு குழாய்களும் ஒற்றை வரிசைகளும் அதில் கலந்து தெரியும். பார்வைக்குப் பாதி லோபுலர். ஆனால் சாயமிட்டால் ஈ-கேட்ஹெரின் ஓரங்களில் ஒழுங்காக நிற்கிறது. ஆகவே உருவத்தைக் கண்ணால் கண்டு, சாயத்தைச் சாட்சியாக வைத்து முடிவு செய்வதே முறை. அந்த நிபுணரை நாம் பார்ப்பதேயில்லை. எங்கோ ஓர் அறையில் குனிந்திருக்கும் அவருடைய கண்ணில்தான் நம் சிகிச்சை தொடங்குகிறது. ஐயமிருந்தால் அடையாறு, வேலூர் போன்ற இடங்களுக்கு மெழுகுக் கட்டியையும் தகடுகளையும் கொண்டுபோய் மறுபார்வை கேட்கலாம். மெழுகுக் கட்டியை வாங்கிவைக்காமல் வெறும் அறிக்கைத் தாளை மட்டும் சுமந்து போகிறவர்களே நம்மில் அதிகம்.

இனி, பாசிடிவ் என்ற சொல் நேர்மாறாகப் பொருள் தரும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஈ-கேட்ஹெரின் என்னும் கரத்தை உயிரணுவின் உட்கட்டோடு பிணைக்க உதவும் புரதத்துக்குப் பீட்டா-கேட்டனின் என்று பெயர். சங்கிலி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். தன் இடத்தை விட்டு உயிரணுவின் நடுவிலுள்ள கருவுக்குள் அது நுழைந்துவிட்டால், பெருகும்படி கட்டளையிடத் தொடங்கிவிடும். மார்பில் ஃபைப்ரோமாட்டோசிஸ் என்று மிக அரிதாக ஒரு கட்டி வருகிறது. மார்பகக் கட்டிகள் ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. தொட்டால் கல், தோலை உள்ளே இழுக்கும், படத்தில் முள்முள்ளாகத் தெரியும். கண்டவர் எவரும் புற்றுநோய் என்றே அஞ்சுவர். ஆனால் அது வேறு உறுப்புக்குப் பரவுவதில்லை. இருந்த இடத்தில் அடம் பிடிக்கும், வெட்டினாலும் அங்கேயே மீண்டும் வளரலாம், அவ்வளவே. அக்கட்டிகளில் ஐந்தில் நான்கு பங்களவில் பீட்டா-கேட்டனின் கருவுக்குள் பாசிடிவாகத் தெரிகிறது. உரிய சூழலில், "புற்றுநோய் அன்று" என்ற பக்கம் சாயும் பாசிடிவ் அது. இக்காலத்தில் பலருக்கு வெட்டாமல் முதலில் கண்காணிக்கவே செய்கிறார்கள். இதையும் தனியே நம்பிவிட முடியாது. சில புற்றுக் கட்டிகளிலும் அதே சாயம் கருவுக்குள் தெரியும். அவற்றைப் பிரித்தறிய கெரட்டின் போன்ற வேறு சாயங்கள் தேவை. இந்தப் பகுத்தறிதல் தவறினால், ஒரு பெண் வீணே மார்பை இழந்து கீமோ மருந்தும் ஏற்க நேரிடும். அல்லது மெய்யான புற்றைச் சாதாரணக் கட்டி என்று எண்ணிக் காலத்தை இழப்பாள்.

கடைசியாக, அதே சகோதரி கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் கேட்டிருக்கும் ஒன்று. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். மரபணுப் பழுது என்றால் மகளுக்கும் வந்துவிடுமோ, சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்பது அவருடைய அச்சம்.

ஈ-கேட்ஹெரின் இல்லாத கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்தப் பழுது கட்டியின் உயிரணுக்களில் மட்டுமே, வாழ்நாளின் நடுவில் உண்டானது. தாய் பிறந்த போது அது இல்லை. பிள்ளைக்குக் கொடுக்கவும் இல்லை. நெகடிவ் என்ற ஒரு சொல்லைக் கொண்டு எந்தப் பெண் பிள்ளையின் திருமணத்தையும் எவரும் நிறுத்துவதற்கு இடமில்லை. பிறவியிலேயே சி.டி.எச்.-1 பழுதோடு வரும் குடும்பங்கள் மிகச் சில. அவற்றுள் முதலில் அறியப்பட்டது நியூசிலாந்தின் தவுரங்கா பகுதியைச் சேர்ந்த மவோரி இனத்துப் பெருங்குடும்பம். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இரைப்பைப் புற்றால் இறந்தார்கள். இளம் பிராயத்தினரும் அவர்களுள் உண்டு. சாபம் என்று சிலர் நம்பினார்கள். செய்வினை என்று நம் ஊரில் சொல்ல மாட்டார்களா, அப்படித்தான். அக்குடும்பத்தார் தாமாக முன்வந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பேரி கில்ஃபோர்டு குழுவினரோடு இணைந்து பாடுபட்டார்கள். பழுது ஈ-கேட்ஹெரின் மரபணுவில் இருப்பது 1998-இல் வெளியாயிற்று. அத்தகைய பழுதோடு பிறந்த பெண்களுக்கு, இரைப்பை நோயோடு, வாழ்நாளில் லோபுலர் மார்பகப் புற்று வரும் வாய்ப்பும் நூற்றுக்கு நாற்பது அளவில் இருப்பது பின்னர் தெரிந்தது.

ஆகவே அச்சகோதரி மருத்துவரிடம் சொல்ல வேண்டியது குடும்ப வரலாறு. குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் இரைப்பைப் புற்று வந்ததா? லோபுலர் வகை இரு மார்பிலும் வந்ததா? அப்படி வந்தவர்கள் ஒருவருக்கு மேல் உண்டா? இவற்றைச் சொல்லும் போது உம்மா வழியை மட்டும் எண்ணி நிறுத்திவிடக் கூடாது. இந்தப் பழுது வாப்பா வழியாகவும் சரிபாதி வாய்ப்போடு வரும். மார்பில் நோய் வராத ஆணும் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடும். நாற்பது வயதில் வயிற்று நோயால் மௌத்தான பெரிய வாப்பாவை மறந்துவிட்டு, "எங்கள் குடும்பத்தில் எவருக்கும் மார்பில் இல்லை" என்று சொல்லி எழுந்து வந்துவிடுகிறோம்.

அப்படி எவரும் இல்லையென்றால் பெரும்பாலும் மகளுக்கு இந்த இரத்தப் பரிசோதனை தேவைப்படாது. தேவை என்று மருத்துவர் சொன்னால், முதலில் நோயுற்ற தாயின் இரத்தத்தைச் சோதிப்பதே முறை. தாயிடம் பழுது கண்டால் மட்டுமே பிள்ளைகளுக்கு. அந்தச் சோதனையை யார் யார் செய்துகொள்ள வேண்டும், முடிவை உறவுகளிடம் எப்படிச் சொல்வது என்பதை அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், எழுதுகிறேன். வஸ்ஸலாம்.